“கை நீட்டுவாரு” என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? பினாங்கு மகளிர் மையத்தின் கதை

ஜோர்ஜ்டவுன்: லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் சேலைக்கடைகளில் நின்றால் எப்போதாவது காதில் விழும் பேச்சு இது: “குடிச்சா கொஞ்சம் கை நீட்டுவாரு. மத்தபடி நல்லவருதான்.” நமக்கு உடனே விளங்கிவிடும். இதைச் சொல்லுக்குச் சொல் மலாயில் எழுதினால், ஒருவர் கையை முன்னால் நீட்டினார் என்று மட்டுமே வரும். அடித்தது காணாமல் போய்விடும். போலீஸ் புகாரில் இப்படிக் காணாமல் போனால் வழக்கே நிற்காது.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. கனடாவில் பிரெஞ்சும் ஆட்சிமொழிதான். ஆனாலும் ஒன்தாரியோ மாநிலத்தில் ஆங்கிலமே ஓங்கி நிற்கிறது. வீட்டில் அடிபட்ட பிரெஞ்சு பேசும் பெண், தன் துன்பத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்காகப் பாடுபடும் அமைப்புகள் 1988-இல் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டன. 1995-இல் டொரோண்டோவில் ‘ஒவாசிஸ்’ என்ற பெண்கள் மையம் தோன்றியது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து குடியேறிய பெண்கள் பலர் அங்கே பிரெஞ்சிலேயே பேசி உதவி பெறுகிறார்கள்.

பினாங்கில் பாதை வேறு. இங்கே ஒரு மொழிக்கென்று இல்லாமல், எல்லா இனப் பெண்களுக்குமாக ஒரே மையம் எழுந்தது. கோலாலம்பூர் வட்டாரத்தில் 1982-இல் மகளிர் உதவி அமைப்பு அடைக்கல இல்லத்தைத் தொடங்கியிருந்தது. 1985 மார்ச்சில் பெண்கள் அமைப்புகள் பெட்டாலிங் ஜெயாவில் கூடி, பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பொதுப் பிரச்சினையாக முன்வைத்தன. அதே 1985-இல்தான் பினாங்கில் மகளிர் நெருக்கடி மையம் பிறந்தது. ‘குடும்ப விஷயம்’ என்று போலீசாரே பெண்களைத் திருப்பி அனுப்பிய காலம் அது. 2002-இல் மையம் தன் பெயரை ‘மாற்றத்திற்கான மகளிர் மையம்’ என மாற்றிக்கொண்டது. இன்று ஜாலான் பர்மாவிலும் கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்திலும் இயங்குகிறது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சொல்வது வெளியே போகாது.

இத்தகைய அமைப்புகள் பல ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தியதன் பலன்தான் குடும்ப வன்முறைச் சட்டம். நாடாளுமன்றத்தில் 1994-இல் நிறைவேறியும் 1996-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த இரண்டு ஆண்டுத் தாமதத்துக்கும் போராட வேண்டியிருந்தது.

தோட்டத்து வாசகர்கள் இந்தச் சட்டத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலேயே பல ஆண்டுகள் வாழும் தம்பதிகள் நம்மிடையே இருக்கிறார்கள். “சர்ட்டிபிகேட் இல்லாம எப்படிக்கா புகார் கொடுக்கிறது?” என்று ஒரு பெண் என்னிடமே கேட்டிருக்கிறார். கொடுக்கலாம். சமயப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் சட்டம் அவரை மனைவியாகவே கொள்கிறது. என்னைக் கேட்டால், கோயில் அறிவிப்புப் பலகைகளில் முதலில் ஒட்ட வேண்டிய செய்தி இதுதான்.

2012 திருத்தம் மனரீதியான கொடுமையையும் சேர்த்தது. 2017 திருத்தத்தில் வந்தது அவசரப் பாதுகாப்பு உத்தரவு. சமூக நல இலாகா அதிகாரியே அதை வழங்கலாம். நீதிமன்றம் போகத் தேவையில்லை, முன்கூட்டிப் போலீஸ் புகாரும் வேண்டாம். ஏழு நாள் செல்லும். அதற்குள் மற்ற ஏற்பாடுகளைப் பார்க்கலாம்.

மொழிக்கு வருவோம். உதவி கேட்டுப் பேசும்போது, தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பா அம்மாவை அடித்ததைப் பத்து வயதுப் பிள்ளை அதிகாரியிடம் சொல்லும் நிலை வேண்டாம். நடந்ததை நேராகச் சொல்லுங்கள்: எந்தக் கையால், எதைக்கொண்டு, உடம்பில் எங்கே, என்றைக்கு. ‘கை நீட்டினார்’ வேண்டாம், ‘அடித்தார்’ என்றே இருக்கட்டும். எழுதிய புகாரை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள்.

உடனடி ஆபத்து என்றால் 999. ஆலோசனைக்கும் புகாருக்கும் தாலியான் காசே 15999, இருபத்து நான்கு மணி நேரமும்.