ஒரே ஒரு நகல் போதாது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பள்ளி விடும் நேரத்தில் ஓர் அம்மா வாசலில் காத்திருந்தார். நெமிலியை அடுத்த சிற்றூர்க்காரர். அவருடைய மகன் எங்களிடம் படித்துச் சென்றவன். இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த அவர் கணவர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“சார், மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவரு வந்தப்ப நீங்க போன்ல போட்டோ எடுத்தீங்களே, அது இருக்குமா? காரியத்துக்குப் படம் போடணும். கல்யாணப் படத்தைத் தவிர வீட்ல வேற இல்ல சார்” என்றார்.

அந்தப் படத்தை எடுத்த கைப்பேசி முந்தைய ஆண்டே தண்ணீரில் விழுந்து பழுதாகியிருந்தது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தேடினேன். படம் கிடைத்தது. ஆனால் அது குழுப்படம்; அவர் மூன்றாம் வரிசையில் நின்றிருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் அளவு சுருங்கிவிடும். ஸ்டுடியோவில் அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியபோது கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

நம் கைப்பேசியில் இருப்பவை நம் வீட்டுப் படங்கள் மட்டுமல்ல. ஆண்டு விழா, சுற்றுலா, பிரிவு உபசார நாள் என்று ஓர் ஊரின் நினைவுகளும் அவற்றோடு கலந்து கிடக்கின்றன. அவற்றை எங்கே, எப்படிப் பாதுகாப்பது என்பதை அதன் பிறகுதான் முறையாகத் தெரிந்துகொண்டேன். நான் கற்றதை மூன்று கேள்விகளில் அடக்கிவிடலாம். கைப்பேசி போனால் படம் இருக்குமா? வீடு போனால் இருக்குமா? கணக்கு போனால் இருக்குமா? மூன்றுக்கும் ‘இருக்கும்’ என்று சொல்ல முடிந்தால்தான் படம் பாதுகாப்பாக உள்ளது என்று பொருள்.

கைப்பேசி போனால்?

முதல் கேள்விக்குப் பலரும் சொல்லும் விடை, “எல்லாம் கூகுளில் இருக்கிறது” என்பது. இதைச் சற்றுச் சரிபார்க்க வேண்டும். கூகுள் போட்டோஸில் காப்பு வசதியை இயக்கினால், கேமராவில் எடுத்த படங்கள் தானாகவே மேலேறும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு கோப்புறையில் இருப்பதால், அந்தக் கோப்புறையை நாம் தனியே தேர்வு செய்தால்தான் அவையும் ஏறும்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியம். கூகுள் போட்டோஸ், ஆப்பிளின் ஐகிளவுட் போன்றவை கைப்பேசியையும் இணையச் சேமிப்பையும் ஒத்த நிலையில் வைத்திருப்பவை. கைப்பேசியில் இடம் இல்லையென்று அந்தச் செயலிக்குள் சென்று ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ள நகலும் சேர்ந்தே அழியும். கூகுள் போட்டோஸில் காப்பு எடுக்கப்பட்ட படம் 60 நாள்கள் குப்பைக் கூடையில் இருக்கும். அதற்குள் மீட்கவில்லையென்றால் போனது போனதுதான். இடம் வேண்டுமானால், அதற்கென்றே உள்ள ‘இடத்தைக் காலியாக்கு’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அது மேலேறிவிட்ட படங்களைக் கைப்பேசியிலிருந்து மட்டும் நீக்கும்.

கைதவறி அழிப்பது பெரிய நிறுவனங்களிலும் நடக்கும். 1998-இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் அழிந்தன. காப்பு நகலை எடுத்துப் பார்த்தால், அது சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அதைக் கொண்டுதான் படத்தை மீட்டார்கள். இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு: வேறிடத்தில் ஒரு நகல் வேண்டும், காப்பு நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

வீடு போனால்?

கணினியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் எடுத்து, இரண்டையும் ஒரே பீரோவில் வைப்பது நம் வழக்கம். திருடனோ, தீயோ, வெள்ளமோ வந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நம் வேலூர், இராணிப்பேட்டை மாவட்டங்களின் கரையோரப் பகுதிகளிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நனைந்த சான்றிதழுக்கு மறுநகல் விண்ணப்பிக்கலாம். நனைந்த ஆல்பத்துக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது?

‘கிளவுட்’ என்று நாம் சொல்வதும் எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள கணினிகள்தாம். அந்தக் கட்டடத்துக்கும் ஆபத்து வரலாம். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி-டிரைவ்’ அதில் அழிந்தது. வெளியிடத்தில் அதற்கு நகல் இல்லை.

ஆகவே, ஒரு நகலாவது வேறு ஊரில் இருக்கட்டும். நெமிலியில் வசிப்பவர் தம் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வேலூரில் உள்ள அக்கா வீட்டிலோ, சென்னையில் உள்ள மகன் வீட்டிலோ வைக்கலாம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் போகும்போது புதிய படங்களைச் சேர்த்துவிட்டு வரலாம். பிறர் வீட்டில் வைப்பதால் அதற்குக் கடவுச்சொல் பூட்டுப் போடுவது நல்லது.

கணக்கு போனால்?

மூன்றாவது கேள்வியை நாம் பெரும்பாலும் நினைப்பதே இல்லை. கடவுச்சொல் மறந்துபோகலாம். கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த பழைய கைப்பேசி எண் இப்போது வேறொருவரிடம் இருக்கலாம். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால், அந்த நிறுவனம் அதை உள்ளிருப்பவற்றோடு நீக்கிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. பெற்றோருக்காகத் தொடங்கிக் கொடுத்துவிட்டு நாம் மறந்துபோன கணக்குகள் இதில் சிக்கக்கூடும்.

நம் தவறு எதுவும் இல்லாமலும் கணக்கு முடங்கலாம். அமெரிக்காவில் ஒரு தந்தை, மருத்துவர் பார்ப்பதற்காகத் தம் குழந்தையின் உடல்நலக் குறையைப் படமெடுத்தார். தானியங்கி முறை அதைத் தவறாகப் புரிந்துகொண்டு அவருடைய கூகுள் கணக்கை முடக்கியது. குற்றம் ஏதுமில்லை என்று காவல்துறை சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. 2022-இல் இது செய்தியாக வெளிவந்தது. படங்களெல்லாம் ஒரே கணக்கில் இருந்தால், அந்தக் கணக்கின் கதியே படங்களின் கதி.

எதைத் தேர்வு செய்வது?

முதலில் கணக்குப் போடுங்கள். கைப்பேசிப் படம் ஒன்று சராசரியாக 3 எம்பி என்று கொள்வோம். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. அதில் சுமார் 5,000 படங்கள் அடங்கும். ஆனால் ஜிமெயிலும் டிரைவும் அதே 15 ஜிபியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இடம் நிறைந்தால் படம் ஏறாது, மின்னஞ்சலும் வராது. ஐகிளவுட், ஒன்டிரைவ் ஆகியவற்றின் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. ஆண்டு விழா நடனத்தைப் பத்து நிமிடம் தெளிவாகப் பதிவு செய்தாலே 1 ஜிபி ஆகிவிடும். எனவே இலவசத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடம் தந்துவந்ததும் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

கட்டணச் சேவையைத் தேர்வு செய்யும்போது, விலையோடு இவற்றையும் பாருங்கள்.

• படத்தை எடுத்த தரத்திலேயே வைக்கிறதா, சுருக்குகிறதா? கூகுள் போட்டோஸில் ‘அசல் தரம்’, ‘இடச் சேமிப்பு’ என இரு வகை உண்டு. இரண்டாவது வகையில் பெரிய படங்கள் சுருங்கும். குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை எடுக்க வேண்டிய நாள் வரலாம். அசல் தரமே நல்லது.

• மொத்தப் படங்களையும் ஒரே நேரத்தில் திரும்ப இறக்கிக்கொள்ள வழி உண்டா? கூகுளில் ‘டேக்அவுட்’ என்ற வசதி உண்டு. உள்ளே போடும் வழியைப் போலவே வெளியே எடுக்கும் வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

• பணம் கட்டத் தவறினால் என்ன ஆகும்? எத்தனை நாள் பொறுப்பார்கள்?

• நமக்குப் பின் குடும்பத்தார் திறக்க முடியுமா? கூகுளில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்ற அமைப்பிலும், ஆப்பிளில் ‘மரபுத் தொடர்பு’ என்ற அமைப்பிலும் நாம் நம்பும் ஒருவரை முன்கூட்டியே குறிப்பிட்டு வைக்கலாம்.

• கணக்கு நம்முடையதா? பணியிடம் தந்த மின்னஞ்சல் கணக்கில் வீட்டுப் படங்களைச் சேர்க்காதீர்கள். பணி மாறினாலோ ஓய்வு பெற்றாலோ அந்தக் கணக்கு நம்மோடு வராது.

நம் இணைய வேகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 100 ஜிபி படங்களை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால், இடைவிடாமல் 22 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டம் என்றால் 50 நாள்கள். ஆகவே, பழைய படங்களை ஹார்ட் டிஸ்க்கில் முதலில் சேர்த்துவிட்டு, இணையத்தில் சிறுகச் சிறுக ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இவை அனைத்தையும் ஓர் எளிய விதியாகச் சொல்வார்கள்: 3-2-1. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரவலாக்கிய விதி இது. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வெளியிடத்தில். நமக்குப் பொருந்தும்படி சொன்னால், வீட்டுக் கணினியில் அல்லது கைப்பேசியில் ஒன்று, இணையத்தில் ஒன்று, வேறு ஊரில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. பென்டிரைவையும் மெமரி கார்டையும் எடுத்துச்செல்லப் பயன்படுத்தலாம். பல ஆண்டுகள் பாதுகாக்க அவற்றை நம்ப வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியதாக மாற்றிக்கொள்வது நல்லது.

பழைய ஆல்பங்கள்

காகிதப் படங்களுக்கும் இதே விதிதான். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்கள் செல்லரித்தும் பூஞ்சை பிடித்தும் அழிந்துவந்ததைக் கண்டு, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைத் தேடி எண்ணிம வடிவாக்கியது. பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள் திட்டம்’ இதற்கு உதவியது. அத்திட்டத்தின் விதிப்படி மூலப் பொருள்கள் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். எண்ணிம நகல் ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும், ஒன்று லண்டனிலும் இருக்கும். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கியபோது, இரண்டு இடத்தில் வைக்கும் அந்த விதியின் அருமை விளங்கியது.

நம் வீட்டு ஆல்பத்தை ஸ்கேன் செய்யும்போது சிறிய படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள்; ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். முன்புறத்திலும் தடயம் கிடைக்கும். பள்ளிப் பலகையில் ‘வட ஆர்க்காடு மாவட்டம்’ என்றிருந்தால் ஒரு காலம், ‘வேலூர்’ என்றிருந்தால் ஒரு காலம், ‘இராணிப்பேட்டை’ என்றிருந்தால் 2019 நவம்பருக்குப் பின். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, படத்தில் உள்ளவர் யார் என்று கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

மாணவர் படங்கள்

மாணவர் படங்களைத் தனிக் கோப்புறையில் வையுங்கள். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கும்படி பகிர வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் படமெடுப்பதும், எடுத்த படத்தில் ஒரு நகலை அவர்களுக்கே கொடுப்பதும் நல்ல பழக்கம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் தரம் குறையாது.

இந்த வார விடுமுறையில்

தொடங்குவதற்கு அரை நாள் போதும். கைப்பேசியில் காப்பு இயங்குகிறதா, எந்தெந்தக் கோப்புறைகள் ஏறுகின்றன என்று பாருங்கள். கணக்கில் உள்ள மீட்பு எண்ணைச் சரிபாருங்கள். கணக்கின் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஆண்டு வாரியாகக் கோப்புறை போட்டுப் படங்களை நகலெடுங்கள். கடைசியாக, ஐந்தாண்டுக்கு முந்தைய ஒரு படத்தை நகலிலிருந்து திறந்து பாருங்கள். திறந்தால்தான் வேலை முடிந்தது. தேர்வு முடியும் ஒவ்வொரு ஏப்ரலிலும் இதை மறுபடி செய்யலாம்.

இப்போது ஒவ்வொரு மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும், வந்தவர்கள் விரும்பினால் தனித்தனியாக ஒரு படம் எடுத்து, அசல் தரத்தில் அவரவருக்கு அனுப்பிவிடுகிறேன். என்னிடம் மூன்று நகல்கள் உண்டு. நான்காவது, அது யாருடைய படமோ அவர் வீட்டில் இருக்கிறது.