குவாண்டம் கணினி: காசைத் தின்னும் 'ஃப்ரிட்ஜ்'!

கல்லங்குறிச்சியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர்கூட ஐபிஎம்மின் குவாண்டம் கணினியில் இணையம் வழியாக, மாதம் சில நிமிடங்கள் இலவசமாக புரோகிராம் ஓட்டிப் பார்க்கலாம். ஆனா, அதே மாதிரி ஒன்றை இங்கேயே கட்டணும்னா? அங்கேதான் சிக்கல்.

சூப்பர் கண்டக்டர் வகை க்யூபிட்டுகளுக்கு மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். அதைத் தரும் 'டைலூஷன் ஃப்ரிட்ஜ்' ஒன்றே பல கோடி ரூபாய். அதில் சுழலும் ஹீலியம்-3 கடையில் கிடைக்கும் சரக்கும் அல்ல; பெரும்பாலும் அணு ஆயுதங்களுக்காகச் சேமித்த டிரிட்டியம் சிதைவதிலிருந்து வருகிறது. க்யூபிட் கூடக் கூட கேபிளும் கூடும், பில்லும் கூடும்.

அயனிகளை வைத்துக் கட்டினால் இந்த ஃப்ரிட்ஜ் தேவையில்லை. ஆனால் லேசர் செலவு காத்திருக்கிறது!

2023-ல் ரூ.6,003.65 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தின் இலக்கு, 8 ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட். பெங்களூருவின் க்யூபைஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிவித்த 'இண்டஸ்' கணினியில் இருப்பது 25.