மலிவு விலையில் ஒரு வேக வண்டி

பிரித்தானியாவிலே பழைய மோட்டார் வண்டி தேடும் இளைஞர் பலருடைய கண் ஒரே வகை வண்டியிற் சென்று தங்குவதுண்டு. உருவத்திற் சிறியது, பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் அகன்ற கதவுடையது, குடும்பத்தோடு சந்தைக்குச் சென்றுவரப் போதுமானது. ஆயினும், பெற்றோல் மிதியைச் சற்று அழுத்தினால் பந்தயக் குதிரைபோலப் பாயவல்லது. இவ்வகை வண்டிகளுக்கு முன்மாதிரியாகப் பலர் கொள்வது, ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த கோல்ஃப் ஜீ.ரி.ஐ. என்னும் வண்டியாகும். 5,000 வண்டிகள் செய்தாற் போதும் என்று எண்ணித் தொடங்கப்பட்ட அந்த வண்டி, இன்று எட்டுத் தலைமுறை கண்டுவிட்டது.

அவற்றுள் 2004ஆம் ஆண்டில் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை வண்டியே இன்று குறைந்த விலையில் மிகுதியாக அகப்படுகின்றது. இரண்டு லீற்றர் எஞ்சின், டேர்போ, 200 குதிரைவலு ஆகியன அதன் சிறப்புகள். புதிதாக வந்த நாளில் வசதியுள்ளோர் வாங்கிய வண்டி அது. இன்று மாணவனொருவனின் சேமிப்புக்கும் எட்டுகின்றது. ஆனால் வண்டியின் விலை இறங்கிய அளவுக்கு அதன் உதிரிப்பாகங்களின் விலையும் திருத்துநரின் கூலியும் இறங்கவில்லை. கைமாறிக் கைமாறி வரும்போது, புதிய உரிமையாளர் முன்னவரிலும் கையிருப்புக் குறைந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். செய்யவேண்டிய பராமரிப்பை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒத்திவைப்பார். அந்த ஒத்திவைப்புகளின் தொகை கடைசியில் வாங்குபவன் தலையில் விழுகின்றது. எனவே எந்த வேலை எப்போது செய்யப்பட்டது என்பதை அறிவதே வண்டி பார்ப்பதன் பெரும்பகுதி.

அதற்குப் பிரித்தானியாவில் ஒரு நல்ல வசதி உண்டு. மூன்று ஆண்டு கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. என்னும் தகுதிச் சோதனைக்கு உட்படவேண்டும். 1960ஆம் ஆண்டில் பத்து வயதைக் கடந்த கார்களுக்கென ஆரம்பிக்கப்பட்ட சோதனை இது. வண்டியின் பதிவு இலக்கத்தைக் கொண்டே அதன் பழைய சோதனை முடிவுகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஓடிய மைல்கள், தோல்விக்கான காரணங்கள், சோதகர் விடுத்த எச்சரிக்கைகள் யாவும் அங்கே இருக்கும். ஒரே எச்சரிக்கை மூன்றாண்டுகள் தொடர்ந்து வந்திருப்பின், உரிமையாளர் எத்தகையவர் என்பது விளங்கிவிடும். பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர் இருப்பது மாத்திரம் வண்டி அவருக்குச் சொந்தம் என்பதற்குச் சான்றாகாது. கடன் தீராத வண்டியா, விபத்தில் நொறுங்கிக் காப்புறுதி நிறுவனத்தாற் கழிக்கப்பட்ட வண்டியா என்பதையும் சிறு கட்டணத்துக்கு விசாரித்து அறியலாம்.

வண்டியைப் பார்க்கச் செல்லும்போது எஞ்சின் குளிர்ந்திருத்தல் வேண்டும். எஞ்சின் மூடியைத் தொட்டால் சூடு தெரியுமாயின், முன்கூட்டியே ஓடவிட்டதன் காரணத்தைக் கேட்பது நன்று. குளிர்ந்த நிலையில் எஞ்சின் தடுமாறி ஓடினால், பற்றவைக்கும் கொயில்களிலொன்று பழுதாகியிருக்கலாம். அன்றேல் உள்ளிழுக்கும் வால்வுகளிற் கரி படிந்திருக்கலாம். இந்த எஞ்சினிற் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால் அவ்வால்வுகளைக் கழுவுவது எதுவுமில்லை. ஆதலாற் கரி படிவது இதன் இயல்பு.

எல்லாவற்றிலும் முக்கியமானது விரலுறை போன்ற ஒரு சிறு கிண்ணம். உயரழுத்தப் பெற்றோல் பம்பை இயக்குவது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு. தண்டுக்கும் பம்புக்கும் நடுவே நின்று இடைவிடாது உராய்வது இக்கிண்ணமே. முதலில் அதன் கறுத்த பூச்சுத் தேயும். பின் உலோகம் பளபளக்கும். ஈற்றில் நடுவில் ஓட்டை விழும். அதன்பின் பம்பும் கேம் தண்டும் ஒருசேரக் கெடும். கிண்ணத்தின் விலை சொற்பம். கெடுக்கும் பொருள்களின் விலையோ வண்டியின் விலையிற் பெரும்பங்கை விழுங்கிவிடும். பம்பைப் பிடித்திருக்கும் மூன்று மரையாணிகளைக் கழற்றினாற் கிண்ணத்தைக் கண்ணாற் காணலாம். கடைசியாக அது எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டவுடன் விடை வருமாயின், வண்டியை அறிந்த ஒருவரோடு பேசுவதாகக் கொள்ளலாம்.

ரைமிங் பெல்ற்றும் அவ்வாறே. மைல் குறைவு என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் அந்தப் பட்டி ஓடாமல் நின்றாலும் வயதினால் முதிரும். அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதும். மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லையாயின் மாற்றப்படவில்லை என்றே கணக்கிடவேண்டும்.

சில வண்டிகளில் டீ.எஸ்.ஜீ. என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டி உண்டு. இதன் எண்ணெயும் வடியும் 40,000 மைலுக்கு ஒருமுறை மாற்றப்படவேண்டியவை. நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் உதறலும் துள்ளலும் வெளிப்படும். கிளச் மிதியுள்ள வண்டியாயின், நின்றபடி ஓடும்போது எழும் கடகட ஒலி மிதியை அழுத்தியதும் மாறுகின்றதா என்று செவிகொடுத்தல் வேண்டும்.

நான்கு ரயர்களும் நான்கு மலிவு நிறுவனங்களுடையனவாக இருப்பது ஒரு நல்ல அறிகுறியன்று. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாற் சில்லுகளின் நேர்மை பிழைத்துள்ளது. முன் மட்கார்டுகளின் வளைவில் துருக் கொப்பளங்களும், கால்வைக்கும் கம்பளங்களின் அடியில் ஈரமும் இத்தலைமுறையின் வழக்கமான குறைகள். இவை பேரம் பேச உதவும். வண்டியை வேண்டாமென்று தள்ளப் போதா.

வேகத்தைக் கூட்டுவதற்காக முன்னையோர் செய்த வேலைகளோ வேறு விடயம். எஞ்சினின் கணினி மாற்றி எழுதப்பட்டிருந்தால் டேர்போவுக்கும் கிளச்சுக்கும் சுமை கூடும். காப்புறுதியாளருக்கு அறிவியாதுவிட்டால், விபத்து நேர்ந்த அன்று காப்புறுதி கைவிட்டுப் போகவும் கூடும். புகை சுத்திகரிக்கும் உறுப்பை அகற்றிய வண்டி அடுத்த சோதனையில் தேறாது. இளைஞருக்கு இவ்வண்டியின் காப்புறுதிக் கட்டணமே வண்டி விலையை எட்டக்கூடும் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்னரே அதை விசாரிப்பது அவசியம்.

பட்டிக்கும் கிண்ணத்துக்கும் எண்ணெய்களுக்கும் என ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டே விலை பேசவேண்டும். அந்த மூன்று மரையாணிகளைத் திருத்துநர் ஒருவர் கழற்றிப் பார்க்க விற்பவர் இணங்காவிட்டால், வந்த பேருந்திலேயே திரும்பிச் செல்லலாம். அடுத்த வாரம் இன்னொரு ஜீ.ரி.ஐ. விளம்பரத்தில் வரும்.