மாதிரி நகரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பத்திரத்தில் இருக்கிறதா?

ஓ.எம்.ஆரில் நாவலூர், படூர், கேளம்பாக்கம், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டி மறைமலை நகர் வரை. அந்தப் பக்கம் ஒரகடம். சென்னையின் விளிம்பில் ஏக்கர் கணக்கில் எழும்பும் டவுன்ஷிப்களின் விற்பனை அலுவலகங்களில் பெரும்பாலும் ஒரு மேசை இருக்கும். அதன்மேல் கண்ணாடிக்குள் ஒரு குட்டி நகரம்: வரிசையாக டவர்கள், நீலப் பெயின்ட் அடித்த நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், பள்ளிக்கூடம், கடைத்தெரு. விற்பனைப் பிரதிநிதி ஒரு டவரின் ஏழாவது மாடியைச் சுட்டிக்காட்டி, "சார், உங்க ஃபிளாட் இதுதான்" என்பார். மேசையின் ஓரத்தில் பொடி எழுத்தில், படங்களும் மாதிரிகளும் கற்பனையே என்று அச்சிட்டிருக்கும்.

நீங்கள் கொடுக்கும் விலை அந்த ஏழாவது மாடிக்கு மட்டுமல்ல. இன்னும் கட்டாத பள்ளிக்கும், குளத்துக்கும், சாலைக்கும் சேர்த்துத்தான் விலை. எனவே ஒவ்வொரு வசதிக்கும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: அது எந்தக் கட்டத்தில் வருகிறது? எந்தத் தேதிக்குள் முடியும்? யார் பெயரில் இருக்கும்? பதில் பேச்சில் வந்தால் போதாது, தாளில் வேண்டும்.

ஒரு டவுன்ஷிப், பல பதிவு எண்கள்

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (ரெரா) 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்கும் திட்டம் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது, புக்கிங் வாங்கக் கூடாது. 'ப்ரீ லாஞ்ச் ஆஃபர்' என்று சொல்லி டோக்கன் அட்வான்ஸ் வாங்குவதும் இந்தத் தடைக்குள்தான் வரும். மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம்.

கட்டம் கட்டமாகக் கட்டும்போது ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டம் என்பது இதே சட்டத்தின் விதி. ஒரே பெயர்ப் பலகையின் கீழ் மூன்று, நான்கு பதிவு எண்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முடிவுத் தேதி இருக்கும். உங்கள் டவர் முதல் கட்டத்திலும், கிளப் ஹவுஸ் மூன்றாம் கட்டத்திலும் இருந்தால் நடப்பது இதுதான்: உங்கள் வீட்டின் சாவியை பில்டர் சரியான தேதியில் கொடுத்துவிடுவார். கிளப் ஹவுஸ் எங்கே என்று கேட்டால், "அது வேற பிராஜெக்ட், அதுக்கு இன்னும் டைம் இருக்கு" என்பார்.

இதைச் சரிபார்ப்பது எளிது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடினால் அனுமதி பெற்ற வரைபடம், முடிவுத் தேதி, சர்வே எண்கள், காலாண்டு முன்னேற்றம் எல்லாம் கிடைக்கும். பிரோஷரில் உள்ள வரைபடத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளி வரும் என்று காட்டிய இடத்தின் சர்வே எண் உங்கள் கட்டத்தின் பட்டியலில் இல்லையென்றால், அந்தப் பள்ளியை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

"மெட்ரோ வரப்போகுது" என்பது வேறு வகை. அரசு தாமதித்தால் அதற்காக பில்டரிடம் வட்டி கேட்க முடியாது.

சதுர அடிக் கணக்கு

ரெராவின்படி விலைக்கு அடிப்படை கார்பெட் ஏரியா. உள்சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. ஆனால் பேச்சில் இன்னும் சூப்பர் பில்ட்-அப்தான் ஓடுகிறது. ஓர் உதாரணம்: 1,200 சதுர அடி, அடிக்கு ₹6,000, மொத்தம் ₹72 லட்சம் என்கிறார்கள். கார்பெட் ஏரியா 850 சதுர அடிதான் என்றால், நீங்கள் உண்மையில் கொடுப்பது அடிக்கு ₹8,470. இரண்டு டவுன்ஷிப்களை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணை ஒப்பிடுங்கள்.

அதே ₹72 லட்சம் வீட்டுக்கு, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது ₹7.2 லட்சத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். எனவே காசோலையில் எழுதும் கணக்கு எண், ரெரா பதிவில் உள்ள கணக்கு எண்தானா என்று பாருங்கள். வேறு பெயரில் கணக்கு சொன்னாலோ, ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டாலோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

பூங்கா யாருடையது?

டவுன்ஷிப்பில் தகராறு அதிகம் பிறக்கும் இடம் இது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலைகள் போக 10 சதவீதத்தைத் திறந்தவெளி நிலமாக (ஓ.எஸ்.ஆர்.) ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் அரசுத் தரப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள். அந்தப் பூங்கா ஊர்ப் பொதுச் சொத்து. பிரோஷரில் 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று போட்டிருந்தாலும் பக்கத்துத் தெருக் குழந்தைகள் வந்து விளையாடலாம். மனைப்பிரிவாக இருந்தால் சாலைகளும் அப்படித்தான் ஒப்படைக்கப்படும். உள்ளாட்சிச் சாலைக்குக் குறுக்கே கேட் போட்டு ஆட்களை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

மீதியுள்ள பொது இடங்கள் வாங்கியவர்கள் எல்லோருக்கும் பங்குள்ளவை. திட்டத்தில் காட்டிய சமூக வசதிகள், மாடிப்படி, லிப்ட், திறந்தவெளி பார்க்கிங் எல்லாம் பொதுப் பகுதியே என்கிறது ரெரா. திறந்தவெளி பார்க்கிங்கைத் தனியாக விலை வைத்து விற்க முடியாது. கிளப் ஹவுஸ் மட்டும் பில்டர் கையிலேயே இருந்து, ஆண்டுச் சந்தா கேட்கும்படி ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிக்கப்படாத பாகத்தையும் (யூ.டி.எஸ்.) கவனியுங்கள். நிலத்தில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி, எந்த சர்வே எண்ணில் என்று பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 'பின்வரும் கட்டங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள பில்டருக்கு உரிமை உண்டு' என்ற வரி, உங்கள் சம்மதத்தை இன்றே முன்கூட்டி வாங்கிக்கொள்வதற்கான வரி. பொதுப் பகுதியையோ அனுமதி பெற்ற வரைபடத்தையோ மாற்ற, பில்டரைத் தவிர்த்த மற்ற வாங்குபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீரும் வெள்ளமும்

புறநகரில் இரண்டும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கும். கோடையில் தண்ணீர் லாரி, கார்த்திகையில் படகு. "போர் இருக்கு, மெட்ரோ வாட்டர் வந்துடும்" என்ற பதிலோடு விடாதீர்கள். இன்று ஒரு நாளைக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள், அந்தச் செலவு மாத மெயின்டனன்ஸில் எவ்வளவு என்று, ஏற்கெனவே குடிவந்தவர்களிடம் கேளுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் முழுத் திட்டத்துக்கும் ஒன்றுதானா, அது இப்போது ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

2015-இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தத்தளித்தன. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் அருகில் கட்டுமானம் என்றால் சட்டச் சிக்கலும் கூடவே வரும். பட்டா, வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்து, நிலத்துக்குள் ஓடையோ வாய்க்காலோ புறம்போக்கோ குறுக்கிடுகிறதா என்று வழக்கறிஞரைக் கொண்டு பாருங்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பது நிலம் சுத்தமானது என்பதற்குச் சான்று ஆகாது.

தவறினால் என்ன வழி?

*தாமதம்:* சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் முடிவெடுப்பது நீங்கள். விலகி முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். அல்லது வீட்டுக்காகக் காத்திருந்து, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். ₹50 லட்சம் கட்டியிருந்து வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் ₹41,600. விலகிப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை நிபந்தனையற்றது என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

*பொய் விளம்பரம்:* விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். இதற்காகவே பிரோஷர், வாட்ஸ்அப் செய்தி, விலைப்பட்டியல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

*கட்டுமானக் குறை:* வீட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், புகார் சொன்ன 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

*எங்கே போவது:* பணம் திரும்பப் பெறவும் வட்டிக்கும் ரெரா ஆணையத்தில் படிவம் 'எம்'. இழப்பீட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடம் படிவம் 'என்'. தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. பணம் தரச் சொன்ன உத்தரவை எதிர்த்து பில்டர் மேல்முறையீடு செய்தால், அந்தத் தொகையை முதலில் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்: கொடுத்த தொகை ₹50 லட்சம் வரை மாவட்டம், ₹2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம், கால வரம்பு இரண்டு ஆண்டு.

"சாவி வாங்கியாச்சு, பத்திரமும் முடிஞ்சாச்சு, இனி என்ன கேட்க முடியும்?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. பெங்களூரு பேகூரில் 27 ஏக்கருக்கு மேல் பரந்த ஒரு குடியிருப்பு வழக்கில், பத்திரம் முடித்ததாலேயே தாமத இழப்பீட்டு உரிமை போய்விடாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். தாமதத்துக்கு பில்டர் தரும் அதே வட்டியை நீங்களும் தர வேண்டியிருக்கும், வங்கி இ.எம்.ஐ. தவறினால் சிபில் மதிப்பெண் வேறு சரியும். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு புகார் என்று போங்கள்.

தனியாக நிற்காதீர்கள்

பெரும்பான்மை வீடுகள் புக் ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழி செய்ய வேண்டும். கட்டி முடித்தபின் பொதுப் பகுதியின் ஆவணங்களும் வரைபடங்களும் சங்கத்தின் கைக்கு வர வேண்டும். உங்களிடம் வாங்கிய கார்ப்பஸ் ஃபண்டுக்கும் கணக்கு கேளுங்கள். நடைமுறையில் இவை கேட்காமல் வருவதில்லை. எனவே புக் செய்த வாரமே உங்கள் கட்டத்தில் வாங்கியவர்களைத் தேடி ஒரு குழுவாகச் சேருங்கள். வரைபட மாற்றத்தைத் தடுக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மறுத்தால் போதும். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால், பில்டர் உங்களோடு பேசியே ஆக வேண்டும்.