ஜனாதிபதியும் கட்டுண்ட கரடியும்

புதுச்சேரியிலிருந்து வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் செல்லும் சாலையில் இருக்கிறது திருபுவனை. அவ்வூரிலும் குழந்தைகள் பஞ்சடைத்த கரடிப் பொம்மையை 'டெடி' என்றே அழைக்கின்றன. அஃது ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் பெயரென்பதையும், பொம்மைக்கு அதைச் சூட்டக் காரணம் ஒரு விகட சித்திரம் என்பதையும் நேயர்களில் எத்தனை பேர் அறிவரோ!

1902-ஆம் வருஷம் நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாகாணத்துக்குக் கரடி வேட்டையாடச் சென்றார். அவர் துப்பாக்கிக்கு ஒரு கரடியும் அகப்படவில்லை. வழிகாட்டியாக வந்த ஹோல்ட் காலியர், அடிமையாய்ப் பிறந்த கறுப்பர், கைதேர்ந்த வேடர். அவருடைய நாய்கள் ஒரு கிழட்டுக் கரடியை வளைத்துக்கொண்டன. காலியர் அதைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து வீழ்த்தி, மரத்தில் கட்டிவைத்துவிட்டு ஜனாதிபதிக்குச் சொல்லியனுப்பினார். கட்டுண்ட பிராணியைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகல்லவென்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார்.

நவம்பர் 16-ஆம் தேதி 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் கிளிஃபோர்ட் பெரிமான் இதைச் சித்திரமாக்கினார். கரடிக்கு முதுகைக் காட்டி, கையால் 'வேண்டாம்' என்று தடுக்கிறார் ஜனாதிபதி. "மிசிசிப்பியில் கோடு கிழித்தார்" என்பது தலைப்பு. அம்மாகாணத்தின் நிறவேற்றுமைக்கும் அதில் ஒரு குத்தல் உண்டென்று சிலர் பொருள் கொண்டனர். பின்வந்த சித்திரங்களில் கரடி சிறுத்துச் சிறுத்துக் குட்டியாகிவிட்டது! புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டமும் அவர் மனைவி ரோஸும் துணியில் ஒரு கரடி தைத்து, 'டெடியின் கரடி' என்று விற்பனைக்கு வைத்தார்கள். ரூஸ்வெல்ட்டுக்கோ 'டெடி' என்ற பெயரே பிடிக்காது.

சித்திரத்தின் வல்லமை நம்மவருக்குப் புதிதல்ல. பாரதியாரின் 'இந்தியா' 1908-ல் சென்னையை விட்டு, பிரிட்டிஷ் சர்க்காரின் கைக்கு எட்டாத புதுச்சேரிக்கு வந்து, அரசியல் சித்திரங்களை வெளியிட்டது. ஆளுவோருக்கு அவை உறுத்தின. பிரிட்டிஷ் எல்லைக்குள் பத்திரிகை வரக்கூடாதென்று தடை பிறந்தது; 1910-ல் அது நின்றுபோயிற்று. பெரிமானின் சித்திரம் வேறு ஜாதி. அது ஆளுவோருக்குத் தயாளு என்ற பட்டத்தைத் தேடித் தந்தது.

பட்டம் பொருந்துமா? அடிபட்டுக் கிடந்த கரடியின் வேதனையை முடித்துவிடும்படி சொன்னவரும் அந்த ஜனாதிபதியே. கத்தியால் அதன் உயிர் போயிற்று. படத்தில் அது இல்லை. கரடியைப் பிடித்த காலியரும் இல்லை. 1909-ல் பதவியை விட்டு இறங்கிய கையோடு ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா சென்றார். அங்கே தாமும் தம் குமாரர் கெர்மிட்டும் வீழ்த்திய பிராணிகள் 512 என்று அவரே கணக்கெழுதி வைத்திருக்கிறார்.