எட்டு வாரங்களுக்கு முன் முயற்குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது

ஈஸ்டர் விடுமுறை நெருங்கும்போது பல வீடுகளில் பிள்ளைகள் முயற்குட்டி கேட்பதுண்டு. இணையவழி விளம்பரங்களில் ஐந்து அல்லது ஆறு வார வயதுடைய குட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. "தானாகவே தின்னத் தொடங்கிவிட்டது" என்று விற்பவர் கூறுவதை நம்பிப் பெற்றோர் அவற்றை வாங்குகின்றனர். அத்தகைய குட்டி முதலிரு நாட்கள் துள்ளி விளையாடலாம். பின்னர் உண்ண மறுத்து, வயிற்றுப்போக்குக்கு உள்ளாகி, மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதற்குள் இறந்துவிடவும் கூடும். இவ்வாறு நேரும்போது பிள்ளைகள் தாமே ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி வருந்துவர். ஆனால் குட்டி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, தாயிடமிருந்து உரிய காலத்துக்கு முன் பிரிக்கப்பட்டதே காரணமாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் முயல் வாங்குவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தின்னத் தொடங்குவது வேறு, பால் மறப்பது வேறு

முயலின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாட்கள். குட்டிகள் உரோமமின்றி, கண்கள் மூடிய நிலையில் பிறக்கின்றன. பத்து நாட்களளவில் கண் திறக்கின்றன. மூன்றாம் வாரமளவில் கூட்டை விட்டு வெளியே வந்து புல்லைக் கறிக்கத் தொடங்குகின்றன. இதைக் கண்டு குட்டி பால் மறந்துவிட்டது என எண்ணுவது தவறு. அது புல்லைக் கறித்தாலும் தொடர்ந்து பல நாட்களுக்குத் தாய்ப்பாலையும் குடிக்கிறது. அந்த நாட்களில்தான் அதன் குடல் புதிய உணவுக்குப் பழகுகிறது.

தாய்ப்பால் குட்டிக்கு உணவாக மட்டுமன்றிப் பாதுகாப்பாகவும் அமைகிறது. வளர்ந்த முயலின் இரைப்பையில் உள்ள கடும் அமிலம், உணவுடன் செல்லும் கிருமிகளைக் கொன்றுவிடும். இளங்குட்டியின் இரைப்பையில் அந்த அளவு அமிலம் இல்லை. அதற்கு ஈடாக, தாய்ப்பாலின் கொழுப்பு குட்டியின் வயிற்றில் செரிக்கும்போது கிருமிகளை எதிர்க்கும் கொழுப்பமிலங்கள் உருவாகின்றன. பாலைத் திடீரென நிறுத்தினால் இந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். அமிலமோ இன்னும் போதிய அளவு சுரந்திராது. இந்த இடைவெளியில்தான் தீய கிருமிகள் குடலில் பெருகுகின்றன.

மேலும், முயல் நார்ப்பொருளைத் தானாகச் செரிப்பதில்லை. குருட்டுக்குடல் எனப்படும் பெரியதொரு பையில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களே அப்பணியைச் செய்கின்றன. குட்டி இவற்றுடன் பிறப்பதில்லை. தாய் கூட்டில் இடும் புழுக்கையைச் சிறிதளவு தின்பதன் மூலமும், தாயுடன் நெருங்கி வாழ்வதன் மூலமும் அவற்றைப் பெறுகிறது. அவை குடலில் நிலைபெற நாட்கள் தேவை.

முன்கூட்டியே பிரிப்பதால் நேரும் ஆபத்துகள்

காலத்துக்கு முன் பிரிக்கப்படும் குட்டி ஒரே நாளில் பல மாற்றங்களைச் சந்திக்கிறது. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் இழக்கிறது. வாகனத்தில் பயணம் செய்கிறது. புதிய இடத்தில் புதிய தீனியை உண்கிறது. அச்சமும் மன அழுத்தமும் முயலின் குடல் இயக்கத்தை மந்தமாக்கும். முழு வளர்ச்சி பெறாத குடல் இவற்றைத் தாங்குவது கடினம். இதனால் குடலழற்சி, கடும் வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம் ஆகியன ஏற்படலாம். கொக்சிடியா எனப்படும் ஒட்டுண்ணியால் வரும் நோயும் இவ்வயதுக் குட்டிகளையே பெரிதும் தாக்குகிறது. முயலுக்கு வாந்தி எடுக்க இயலாது. ஆகையால் உள்ளே சென்ற தீனியும் தேங்கும் வாயுவும் மேல்வழியாக வெளியேற வழியில்லை. சிறிய உடல் மிக விரைவில் நீரிழப்புக்கு உள்ளாகும்.

சட்டம் கூறுவது

இங்கிலாந்தில் செல்லப்பிராணிகளை வியாபாரமாக விற்போர் உள்ளூராட்சி சபையிடம் உரிமம் பெற வேண்டும். 2018 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள விலங்கு நல உரிம ஒழுங்குவிதிகளின்படி, உரிமம் பெற்றவர் 8 வாரங்களுக்குக் குறைந்த வயதுடைய முயலைச் செல்லப்பிராணியாக விற்க முடியாது. பால் மறக்காத எந்தப் பாலூட்டிக் குட்டியையும் அவர் விற்கலாகாது. இணையத்தளம் வைத்திருப்பவர் தமது உரிம இலக்கத்தை அதில் தெளிவாகக் காட்ட வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்பதை 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டத்தின் கீழ், முயலை வளர்ப்பவர் அதற்கு ஏற்ற உணவு, இடம், துணை, நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை வழங்கக் கடமைப்பட்டவர்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

• குட்டி பிறந்த திகதியைக் கேட்டறிய வேண்டும். "ஏறத்தாழ" என்னும் பதில் போதாது.
• குட்டியை அதன் தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் சேர்த்து நேரில் பார்க்க வேண்டும். வாகனத் தரிப்பிடத்திலோ தெருவோரத்திலோ கையளிப்பதாகக் கூறுபவரைத் தவிர்ப்பது நல்லது.
• கண்கள் தெளிவாகவும், பின்புறம் சுத்தமாகவும், புழுக்கை உருண்டையாகவும் உலர்ந்தும் இருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும்.
• குட்டி உண்டுவரும் அதே தீனியில் சிறிதளவைக் கேட்டு வாங்கிவர வேண்டும்.
• முயல் தனித்து வாழும் விலங்கன்று. ஒன்றாக வளர்ந்த இரண்டு குட்டிகளை வாங்குவதே சிறந்தது. விலங்குக் காப்பகங்களிலும் புதிய இல்லம் தேடும் முயல்கள் உள்ளன.

வீட்டுக்கு வந்த முதல் இரு வாரங்கள்

உலர்புல் எப்போதும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். வைக்கோலும் உலர்புல்லும் ஒன்றல்ல. வைக்கோல் படுக்கைக்கு உதவும்; உணவாக அது போதாது. புதிய தீனியைப் பழைய தீனியுடன் சிறிது சிறிதாகக் கலந்து, ஒன்று முதல் இரண்டு வாரங்களில் மாற்றலாம். கரட், பழங்கள், பிஸ்கட், சோறு, பசுப்பால் ஆகியவற்றை இளங்குட்டிக்குக் கொடுக்கலாகாது. குட்டி புதிய இடத்துக்குப் பழகும்வரை அதை அடிக்கடி தூக்கி விளையாடாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவசியம். மிக்சோமடோசிஸ், முயல் குருதிப்போக்கு நோய் ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசி குறித்து மிருக வைத்தியரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

உடனடியாக வைத்தியரை நாட வேண்டிய அறிகுறிகள்

குட்டி உண்ண மறுத்தல், புழுக்கை இடாதிருத்தல், நீர்போன்ற கழிச்சல், வயிறு உப்பி இறுகுதல், கூனிக் குறுகி ஒரே இடத்தில் இருத்தல், பல்லை நறநறவெனக் கடித்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மறுநாள்வரை காத்திருக்கலாகாது. வீட்டில் எஞ்சியிருக்கும் மனிதருக்கான மருந்துகளை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். அமொக்சிசிலின் போன்ற, நமக்குப் பழக்கமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் அவை முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே உலைவைக்கக்கூடும். வைத்தியச் செலவைத் தாங்க இயலாதோர், குறித்த சில அரச கொடுப்பனவுகளைப் பெறுபவராயின், பி.டி.எஸ்.ஏ. என்னும் தொண்டு நிறுவனத்தின் இலவச அல்லது குறைந்த கட்டணச் சேவைக்குத் தகுதி பெறலாம்.

8 வாரங்களுக்குக் குறைந்த குட்டி ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டால், அது நலமாகத் தோன்றினாலும் தாமதியாமல் மிருக வைத்தியரிடம் காட்டி, உணவு குறித்து அறிவுரை பெற வேண்டும்.

தாய் கைவிட்டதாக எண்ணிப் பிரிக்க வேண்டாம்

வீட்டில் முயல் குட்டி ஈன்றவர்கள், தாய் கூட்டருகே இல்லாததைக் கண்டு அது குட்டிகளைக் கைவிட்டுவிட்டதாகக் கலங்குவதுண்டு. தாய் முயல் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். எஞ்சிய நேரத்தில் அது விலகியிருப்பது இயல்பு. காட்டில் பகைவிலங்குகளின் கண்ணில் கூடு படாதிருக்க உதவும் வழக்கம் இது. குட்டிகளின் வயிறு உருண்டு, உடல் வெதுவெதுப்பாக இருந்தால் அவற்றுக்குப் பால் கிடைத்துள்ளது எனக் கொள்ளலாம். வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, உடல் குளிர்ந்திருந்தால் வைத்தியரை அழைக்க வேண்டும். தோட்டத்தில் காணப்படும் காட்டுமுயற் குட்டிகளுக்கும் இது பொருந்தும். காயமோ வெளிப்படையான ஆபத்தோ இல்லையெனில் அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

8 வாரங்களுக்குப் பின்னர் குட்டிகளை நெடுங்காலம் ஒன்றாக விடவும் முடியாது. ஏறத்தாழ 12 வாரங்களுக்குள் ஆண் குட்டிகளைப் பெண் குட்டிகளிடமிருந்தும் தாயிடமிருந்தும் பிரிக்காவிடின் அவை இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடும். கருத்தடைச் சிகிச்சைக்கு உரிய காலத்தை மிருக வைத்தியர் கூறுவார்.

உரிமமின்றி முயல் வியாபாரம் செய்பவரையோ, 8 வாரங்களுக்குக் குறைந்த குட்டிகளை விற்கும் கடையையோ அறிந்தால், வதிவாளர்கள் தமது சபையின் உரிமப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம். விளம்பரத்தின் பிரதி, திகதி, விற்பவர் கூறிய வயது ஆகியவற்றைக் குறித்து வைத்திருப்பது விசாரணைக்கு உதவும். முயல் கேட்கும் பிள்ளையிடம் இன்னும் இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்திருக்கச் சொல்வது பெற்றோருக்குச் சிரமமாகத் தோன்றலாம். நன்கு பராமரிக்கப்படும் முயல் எட்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அந்த வாழ்வுக்குத் தேவையான உடல்நலத்தைக் குட்டி பெறுவது தாயுடன் கழிக்கும் இந்த எட்டு வாரங்களிலேயே.