பொதுப்பணி படிக்கப் பணம் தருவது யார்?

மக்கள் பணிக்கு ஒரு படிப்பு – 9

அமெரிக்காவின் பொது விவகாரக் கல்லூரிகளில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். பட்ஜெட் போடுவது, ஒரு திட்டத்தால் உண்மையில் யாருக்குப் பலன் என்று அளப்பது, நகராட்சியை நடத்துவது எல்லாம் அங்கே பாடம். அதைப் படிக்கப் பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

மருத்துவமும் சட்டமும் விலை கூடிய படிப்புகள்தான். ஆனால் போட்ட பணம் சம்பளமாகத் திரும்பி வந்துவிடும். பொது நிர்வாகத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. படிப்போ இரண்டு ஆண்டு. முடித்தவர் மத்திய அரசு வேலைக்குப் போனால், முதுகலைப் பட்டத்துக்கான தொடக்க நிலையில் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலரை ஒட்டித்தான் இருக்கும். ஊருக்கு ஏற்ற படி தனி. ஊழியம் செய்யப் போகிறவரிடம் வியாபாரிக்கான கட்டணத்தை வாங்குகிறார்கள் என்பதே என் ஆதங்கம்.

இந்தப் படிப்புக்குத் தனியார் கொடையும் வந்திருக்கிறது. 1961-ல் சார்லஸ், மேரி ராபர்ட்சன் தம்பதி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார்கள். மேரி, ஏ அண்ட் பி என்ற பெரிய மளிகைக்கடை நிறுவனத்தின் வாரிசு. தங்கள் பெயரை வெளியில் சொல்லாமல் கொடுத்தார்கள். அரசுப் பணிக்கு, குறிப்பாக வெளிநாட்டு உறவு சார்ந்த பணிக்கு, ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்பது நோக்கம். நாற்பது ஆண்டு கழித்து, 2002-ல், அவர்கள் குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். படித்தவர்களில் அரசு வேலைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு, கொடுத்த பணம் வேறு வழியில் செலவாகிறது என்பது வழக்கு. பல்கலைக்கழகம் மறுத்தது. 2008 டிசம்பரில் சமரசம் ஆனது. நிதி பிரின்ஸ்டனிடமே இருக்கும். குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டாலரும், புதிதாகத் தொடங்கும் ஓர் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலரும் பல்கலைக்கழகம் தர வேண்டும் என்று முடிந்தது.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். இன்று பிரின்ஸ்டனின் இரண்டாண்டுப் படிப்பில் இடம் கிடைத்த எல்லோருக்கும், வெளிநாட்டினர் உட்பட, கல்விக் கட்டணம் முழுவதையும் கல்லூரியே ஏற்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்கூடப் பணம் தருகிறது. சமரசத்தில் பிறந்த அறக்கட்டளையும் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல், டெக்சாஸ் ஏ அண்ட் எம்-இன் புஷ் போன்ற மற்ற கல்லூரிகளில், அரசுப் பணிக்குப் போக ஒப்புக்கொள்ளும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது.

இப்படி முன்கூட்டியே பணம் தரும் இடங்கள் குறைவு. மற்றவர்கள் கடன் வாங்கிப் படிக்கிறார்கள். அதை ஈடுகட்ட அமெரிக்க காங்கிரஸ் 2007-ல் ஒரு சட்டம் செய்தது: அரசிலோ லாபநோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டிவிட்டால், மிச்சக் கடன் முழுவதும் தள்ளுபடி. அதற்கு மத்திய வருமான வரியும் கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80,000 டாலர் கடன், வட்டி 8 சதவீதம், சம்பளம் 52,000 டாலர், குடும்பம் இல்லாத தனியாள். வட்டி மட்டுமே மாதம் 530 டாலருக்கு மேல். 2026 ஜூலைக்கு முன் வாங்கிய கடனுக்கு, வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டத்தில், வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்து மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் கேட்பார்கள். அது மாதம் 245 டாலர் அளவில் வரும். ஆக, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியும் கடன் ஏறிக்கொண்டே போகும். 119-வது மாதத்தில் வாங்கியதைவிடக் கூடுதலாக நிற்கும். 120-வது தவணை கட்டியதும் விண்ணப்பித்தால் எல்லாம் தீர்ந்துவிடும்.

தவணைகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் தனியார் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் பழைய எண்ணிக்கை அழியாது. பார்ப்பது என்ன வேலை என்பதல்ல, சம்பளம் தருவது யார் என்பதுதான். அரசு வேலையையே செய்தாலும் லாபநோக்குள்ள ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கினால் அது பொதுவாகக் கணக்கில் சேராது.

திட்டம் நல்லது. நடத்திய விதம் கொடுமை. 2017 அக்டோபரில் முதல் தொகுதியினர் பத்தாண்டு முடித்து விண்ணப்பித்தபோது, நூற்றுக்கு 99 விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அரசிடம் நேரடியாக வாங்கிய கடனாக இல்லாமல் அரசு உத்தரவாதத்தில் வங்கி கொடுத்த கடனாக இருந்தது ஒரு காரணம். தேர்ந்தெடுத்த தவணைத் திட்டம் தவறு என்பது இன்னொன்று. பத்து ஆண்டு நம்பிக் கட்டியவரிடம் அன்றைக்குத்தான் அதைச் சொன்னார்கள். 2021-ல் விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்திய பிறகே நிலைமை மாறியது. 2024 முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பலன் பெற்றுவிட்டார்கள்.

ஆனாலும் என் கருத்து இதுதான்: படிப்புக்கு முன்னால் தரும் ஒரு டாலர், பின்னால் தள்ளுபடி செய்யும் இரண்டு டாலரைவிடப் பயனுள்ளது. இல்லாத வீட்டுப் பிள்ளை கடன் பத்திரத்தைப் பார்த்தே பின்வாங்கிவிடும். பத்தாண்டு கழித்து வரப்போகும் தள்ளுபடி அந்தப் பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவராது.

முன்னால் தருகிற அரசு உதவிகளும் உண்டு. முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் நினைவாக 1975-ல் காங்கிரஸ் உருவாக்கிய உதவித்தொகை 30,000 டாலர். படித்து முடித்த ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டாவது பொதுப்பணி செய்ய வேண்டும். தூதரகப் பணிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கென ரேஞ்சல், பிக்கரிங் திட்டங்கள் உருவாயின. இவை எல்லாம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்.

அவர்களுக்கும் இப்போது வழி குறுகுகிறது. படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் வாங்க இடம் கொடுத்த 'கிராட் பிளஸ்' திட்டம், 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. தொழிற்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அரசுக் கடன். மற்ற முதுகலை மாணவருக்கு 20,500 டாலர்தான். தொழிற்படிப்பு எது என்பதற்குச் சட்டம் கைகாட்டும் பட்டியலில் மருத்துவம், சட்டம், இறையியல் எல்லாம் இருக்கின்றன. பொது நிர்வாகம் இல்லை. பட்டதாரிகளை மத்திய அரசுக்குள் கொண்டுவர 1977-ல் தொடங்கிய ஜனாதிபதி மேலாண்மைப் பயிற்சித் திட்டத்தையும் 2025 பிப்ரவரியில் ஓர் ஆணையால் நிறுத்தினார்கள்.

நம் ஊரிலிருந்து போக நினைப்பவர்களுக்கு அமெரிக்க அரசுக் கடனே கிடையாது. மூன்று ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையில் பொது நிர்வாகமும் ஒரு துறை. முடித்ததும் இந்தியா திரும்ப வேண்டும். அடுத்தது, கல்லூரியே தரும் அசிஸ்டென்ட்ஷிப். வாரத்துக்குச் சில மணி நேரம் பேராசிரியரின் ஆய்வுக்கு உதவினால் கட்டணத்தில் கழிவோ மாதத் தொகையோ கிடைக்கும். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளியில் தெரியாத ஒரு வசதி இருக்கிறது: போட்டியில் வென்று 1,000 டாலருக்குக் குறையாத உதவித்தொகை வாங்கிவிட்டால், வெளியூர்க் கட்டணத்துக்குப் பதில் உள்ளூர்க் கட்டணம் கட்டினால் போதும் என்று மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஆயிரம் டாலர் சின்னத் தொகை என்று தள்ளிவிடாதீர்கள்.

இடம் கிடைத்த சந்தோஷத்தில் உடனே சம்மதம் அனுப்பிவிட வேண்டாம். எவ்வளவு தருகிறார்கள், இரண்டாம் ஆண்டுக்கும் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்குவதில்லை என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தேதிக்குள் இன்னொரு கல்லூரி தந்த கடிதத்தைக் காட்டி, தொகையைக் கூட்டித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.